எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் உடலின் பிறவி எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து எங்கள் கிளினிக்கின் இரத்தப் பரிசோதனை அறைக்கு வருகிறவர்கள், மழைக்காலம் தொடங்கிவிட்டால், ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். இரத்தம் எடுத்து முடிக்கும் நேரத்திற்குள் விளக்கிவிடக்கூடிய விடைகளாக அவை இல்லாததால், கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல் கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்றவரை நிதானமாக விடை எழுதியிருக்கிறேன். காய்ச்சல் வந்தவர் இதைப் படித்துத் தமக்குத் தாமே மருந்து முடிவு செய்யக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

‘கென்சிங் திக்குஸ்’னு சொல்றாங்களே, அது டிங்கி மாதிரி வைரசா?

இல்லை. எலிச் சிறுநீர்க் காய்ச்சலைத்தான் மலாயில் ‘கென்சிங் திக்குஸ்’ என்கிறார்கள்; அதைத் தருவது பாக்டீரியா. லெப்டோஸ்பைரா என்பது அதன் பெயர்; நோயை லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். சிஃபிலிஸ் கிருமியும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணி வழியாகப் பரவும் லைம் நோய்க் கிருமியும் சேர்ந்த சுருள்வடிவ பாக்டீரியாக் குடும்பத்தில் இதுவும் ஒன்று. நீளம் 6 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருந்தாலும் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர்தான் என்பதால், சாதாரண நுண்ணோக்கியில் இது கண்ணுக்குப் படாது. கருந்தள நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட பின்னணியில் மெல்லிய ஒளிக்கோடுகளாக, முனைகள் கொக்கியாய் வளைந்து, தன் அச்சிலேயே சுழன்றபடி முன்னும் பின்னும் விரைவது தெரியும். ஒரு முறை பார்த்தவர் அந்த ஓட்டத்தை மறக்கமாட்டார்.

மலாயாவில் இந்நோயை 1925ஆம் ஆண்டிலேயே ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் பதிவு செய்துவிட்டார். மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் இது கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதாவது, நோயைக் கண்டறியும் மருத்துவர் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும்.

எலி கடிக்கவே இல்ல. அப்புறம் எப்படிங்க உடம்புக்குள்ள போச்சு?

எலி கடிக்க வேண்டியதில்லை. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் கிருமி அதன் சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உதிரிப்பழம் பொறுக்குகிறவரின் விரலில் மட்டை முள் கிழித்த சிறு கீறல், கான் (வடிகால்) நீரில் அரை நாள் ஊறி வெளுத்த கால்விரல் இடுக்கு, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் ஈரச் சவ்வு என இவற்றில் எது வழியாகவும் அது உள்ளே நுழையும்.

உடலின் முதல் தடுப்பு தோல்தான். காய்ந்த, முழுமையான தோலைத் துளைப்பது இக்கிருமிக்குக் கடினம். ஆகவே சப்பாத்துப் போட்டிருந்தும் வருமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: சப்பாத்துக்குள் நீர் புகுந்து, கால் நாள் முழுக்க அதிலேயே ஊறியிருந்தால் வரக்கூடும்.

கடையில வாங்குற டின் பானத்துல வாய் வெச்சுக் குடிச்சா வருமாமே?

உலர்ந்தால் இக்கிருமி விரைவில் செத்துவிடும். கடையில் பல நாள் காய்ந்து கிடந்த டின்னைவிட, கால் நனையும் கானுக்கே நாம் அஞ்ச வேண்டும். ஆயினும் டின்னைத் துடைத்துவிட்டுக் குடிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

பிறவி எதிர்ப்பு, பிறவி எதிர்ப்புன்னு டாக்டர் சொன்னாரு. அது என்னங்க?

நம் உடலின் எதிர்ப்பு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது. பிறக்கும்போதே இருந்து, எந்த அன்னியக் கிருமி வந்தாலும் நிமிடங்களிலும் மணி நேரங்களிலும் செயல்படத் தொடங்குவது பிறவி எதிர்ப்பு. வந்த கிருமி இன்னதென்று கற்றுக்கொண்டு, அதற்கென்றே எதிர்ப்பான்களையும் அணுக்களையும் உருவாக்கி, பின்னாளுக்காக நினைவும் வைத்துக்கொள்வது ஈட்டிய எதிர்ப்பு. இரண்டாவது, முதல் தடவையில் ஆற அமரத்தான் வரும். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை உடல் முதலாவதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பிறவி எதிர்ப்பு கிருமியை ஆள் பார்த்து அறிவதில்லை. செம்பனை ஆலையில் லோரி வந்து நின்றதும் தரம் பார்க்கிறவர், அந்தக் குலை எந்தத் தோட்டத்தில் எந்த மரத்தில் வெட்டியது என்று விசாரிப்பதில்லை. நிறத்தையும், பழம் உதிர்ந்த குழிகளையும் பார்த்துக் கண நேரத்தில் முடிவு சொல்லிவிடுகிறார். அதுபோலவே நம் அணுக்களும் பாக்டீரியாக்களுக்குப் பொதுவான, நம் உடலில் இல்லாத சில அடையாளங்களை மட்டும் தேடுகின்றன. அவற்றைத் தொட்டறியும் புரதங்களை டோல்வகை ஏற்பிகள் என்பார்கள். பழ ஈயில் டோல் மரபணுவின் பணியைக் காட்டிய ஜூல்ஸ் ஹாஃப்மன், பாலூட்டிகளில் நான்காம் எண் ஏற்பி எதை உணர்கிறது என்று கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் ஆகிய இருவருக்கும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்குன்னா, இந்தக் கிருமியை மட்டும் ஏன் உடனே புடிக்க முடியல?

எனக்கு வரும் கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான்; இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும். ஈ.கோலை போன்ற பல பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. நம் நான்காம் ஏற்பி அதன் மிகச் சிறிய அளவைக்கூட உணர்ந்து உடலை உசுப்பிவிடும். லெப்டோஸ்பைராவிலும் அப்பொருள் உண்டு. ஆனால் அதன் அடிக்கொழுப்பின் வேதியமைப்பு வேறு: மற்றவற்றில் பாஸ்பேட் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அது இல்லை, இருக்கும் மற்றொரு பாஸ்பேட்டும் மெத்தில் தொகுதியால் மூடப்பட்டிருக்கிறது. இந்தச் சிறு மாற்றத்தாலேயே மனிதனின் நான்காம் ஏற்பி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. பாரிசின் பாஸ்டர் கழகத்தைச் சேர்ந்த கேத்ரீன் வெர்ட்ஸ் குழுவினர் 2001இல் காட்டியபடி, மனித அணுக்களில் இரண்டாம் ஏற்பிதான் அதை உணர்கிறது. அந்த உணர்வு வேறு வகைப்பட்டது. நான்காம் ஏற்பி எழுப்பும் உடனடிக் கிளர்ச்சி அதில் இல்லை.

மற்ற அடையாளங்களும் இதே கதைதான். நீந்தும் பாக்டீரியாக்களின் வால்போன்ற கசையிழைகளின் புரதத்தை ஐந்தாம் ஏற்பி உணரும். இக்கிருமியோ தன் கசையிழைகளை வெளியே நீட்டாமல் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உடலோடு ஒட்டி வைத்திருக்கிறது; அவை அங்கே சுழல்வதால்தான் உடல் முழுவதும் திருகுபோல் சுழன்று முன்னேறுகிறது. செல்சுவரின் துண்டுகளை நம் அணுக்களின் உள்ளே இருக்கும் நாட் என்னும் ஏற்பிகள் உணர வேண்டும். லிப்எல்21 என்னும் புரதம் அச்சுவரை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் துண்டுகள் எளிதில் உதிர்வதில்லை. பார்ப்பவர் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் இக்கிருமி தன் அடையாளத்தை மாற்றியோ மறைத்தோ வைத்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். உடல் கவனிக்கத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் கிருமி இரத்தத்தில் பெருகிவிடுகிறது.

எஸ்.டி.பி.எம். படிக்கிற என் மகன், இரத்தத்துலயே கிருமியைக் கொல்ற புரதம் இருக்குன்னு சொல்றான். அது என்ன ஆச்சு?

மகன் சொல்வது சரி. காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொகுதி இரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கிறது. அன்னியப் பரப்பில் அதன் முதல் புரதங்கள் ஒட்டிக்கொண்டால், ஒன்றை ஒன்று தூண்டிக் கடைசியில் கிருமியின் சவ்வில் துளையிட்டுவிடும். சேற்று நீரில் இயல்பாக வாழும், நோய் தராத லெப்டோஸ்பைரா பைஃப்லெக்சா என்னும் இனத்தை மனிதச் சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) விட்டால் வெகு விரைவில் அழிந்துபோகிறது. அதே சீரத்தில் நோய் தரும் இனங்கள் பிழைத்துக்கொள்கின்றன.

காரணம், இத்தொகுதி நம் சொந்த அணுக்களையே தாக்கிவிடாதிருக்க உடல் வைத்திருக்கும் தடுப்புப் புரதங்களைக் கிருமி தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஃபேக்டர் எச் அவற்றுள் முதன்மையானது, சி4பிபி மற்றொன்று. லிக் புரதங்களும், லென்ஏ, எல்சிபிஏ போன்ற மேற்பரப்புப் புரதங்களும் இதற்கென்றே இருப்பவைபோலச் செயல்படுகின்றன. போதாததற்கு, காம்ப்ளிமென்ட்டின் மையப் புரதமான சி3ஐ வெட்டிப்போடும் நொதிகளையும் கிருமி சுரக்கிறது. நோய் தரும் இனத்தையும் நோய் தராத இனத்தையும் பிரிக்கும் பெரிய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று என்பதைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

வெள்ளை அணு ஏறியிருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கே, அது கிருமியைத் தின்னாதா?

ஏறியிருப்பது பெரும்பாலும் நியூட்ரோபில் என்னும் வகை. எதிர்ப்பான்கள் வந்து கிருமியின் மேல் ஒட்டும் வரை நியூட்ரோபில்களால் இக்கிருமியைச் சரிவர விழுங்க முடிவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விழுங்கினாலும், அவை கொல்வதற்காகச் சுரக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி கிருமியிடம் உண்டு. பெருவிழுங்கிகள் என்னும் மற்றோர் அணுவகை ஓரளவு மேலானது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருந்துகொண்டு இரத்தத்தை வடிகட்டும் அவை, கிருமியை உணர்ந்ததும் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. அதன் விளைவைத்தான் நாம் காய்ச்சலாக உணர்கிறோம்.

எலிக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகமாட்டேங்குது? நம்மளைத்தானே போட்டு வாட்டுது?

சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு அழகான விடை தருகின்றன. மனிதனின் நான்காம் ஏற்பி உணராத அதே கொழுப்பை, சுண்டெலியின் நான்காம் ஏற்பி உணர்ந்துவிடுகிறது. ஆகவே கிருமி இரத்தத்தில் பெருகும் முன்பே அதன் எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. அந்த ஏற்பி பழுதுபட்ட சுண்டெலி இனங்களுக்குக் கிருமியைச் செலுத்தியபோது, அவையும் கடுமையாக நோயுற்று இறந்தன. ஒரே ஓர் ஏற்பியின் சிறு வேறுபாடு எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் கிருமி முற்றிலும் ஒழிவதுமில்லை. இரத்தத்திலிருந்து விரட்டப்பட்டதில் எஞ்சியவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் போய் ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் உட்புறத்திற்குக் காம்ப்ளிமென்ட் புரதங்களும் வெள்ளை அணுக்களும் எளிதில் போய்ச் சேர்வதில்லை என்பதால், அங்கே அவை மாதக்கணக்கில் தங்கிச் சிறுநீரோடு இறங்கிக்கொண்டே இருக்கும். செம்பனைப் பழத்தைத் தின்று வளரும் தோட்டத்து எலி கொழுகொழுவென்று ஓடுவதைப் பார்த்து அதில் நோயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நாய், மாடு, பன்றி ஆகியவையும் கிருமியைச் சுமக்கக்கூடும். அவற்றில் சில நோயுறவும் செய்யும்.

கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு, மஞ்சள் எல்லாம் கிருமி பண்றதா, நம்ம உடம்பே பண்ணிக்கிறதா?

இரண்டும் கலந்தது. கிருமி இரத்தக் குழாய்ச் சுவர்களின் இணைப்புகளைத் தளர்த்தி ஊடுருவுகிறது. அதனால் கசிவும், உறுப்புகளில் சிறு இரத்தக் கசிவுகளும் ஏற்படுகின்றன. தசையில், குறிப்பாகக் கெண்டைக்காலில், தொட்டாலே அலறும் வலி வருவதும், சீழ் இல்லாமல் கண்வெள்ளை சிவப்பதும் இந்நோயின் தனி முகம். மஞ்சள் நிறத்தைப் பொறுத்தவரை, கல்லீரல் அணுக்கள் பெருமளவில் செத்துப்போவதைவிட அவற்றின் இணைப்புகள் விலகிப் பித்தம் இரத்தத்தில் கலப்பதே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது. அதனால்தான் பித்த நிறமியான பிலிருபின் மிக உயர்ந்திருந்தும் கல்லீரல் நொதிகள் ஓரளவே ஏறியிருக்கும் அறிக்கைகளைப் பார்க்கிறோம்.

காய்ச்சல், குளிர், உடல் வலி, இரத்த அழுத்தம் விழுவது ஆகியவற்றில் நம் அழற்சிப் பொருள்களின் பங்கு பெரிது. முன்பு சொன்ன தாமதத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கிருமி குறைவாக இருக்கும்போதே உடல் விழித்திருந்தால் சிறு எதிர்வினையோடு காரியம் முடிந்திருக்கும். பெருகிய பிறகு விழிப்பதால், எங்கு பார்த்தாலும் கிருமி, எல்லா உறுப்பிலும் ஒரே நேரத்தில் எதிர்வினை. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அது நிகழும்போது உயிருக்கே ஆபத்தாகிறது.

மூணாம் நாள் டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். ஆனா ஒரு வாரம் கழிச்சு பாசிட்டிவ்னு சொல்றாங்க. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. வழக்கமாக எடுக்கும் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பானைத் தேடுகிறது. எதிர்ப்பான் ஈட்டிய எதிர்ப்பின் விளைபொருள் ஆகையால், நோய் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் ஆன பிறகே அளவிடத்தக்க அளவுக்கு வருகிறது. மூன்றாம் நாளில் கிருமி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க, எதிர்ப்பான் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அந்த முதல் வாரத்தில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான் பொருத்தமானது. ‘நெகட்டிவ்’ தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று வேலைக்குத் திரும்பிவிடுவதுதான் இந்த வட்டாரத்தில் நான் மிக அஞ்சும் பழக்கம்.

முதல் நாள்களில் பிறவி எதிர்ப்பு விட்டுச்செல்லும் தடயங்கள் உதவும். டிங்கியில் மொத்த வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும்; எலிக் காய்ச்சலில் நியூட்ரோபில்கள் பெரும்பாலும் ஏறும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் இரத்தப் புரதமும் உயரும். இரத்தத்தட்டுகள் இரண்டிலும் குறையக்கூடும் என்பதால், தட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘டிங்கிதான்’ என்று முடிவு கட்டுவது தவறு. இவை குறிப்புகளே, உறுதிச் சான்றுகளாக மாட்டா. சில வேளை இரண்டு நோயும் ஒருவருக்கே வருவதும் உண்டு. ஆகவே காய்ச்சல்காரர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, தாம் எந்த வேலை செய்கிறார், இரண்டு மூன்று வாரங்களுக்குள் எந்த நீரில் இறங்கினார் என்பதே. நோய் வெளிப்பட வழக்கமாக 5 முதல் 14 நாள் ஆகும். 30 நாள் வரையும் போகலாம்.

நல்ல திடகாத்திரமான ஆளு, ஒரு நாளும் லீவு போட்டதில்ல. அவருக்கு எப்படி இவ்வளவு மோசமாச்சு?

உடல் வலிமையும் பிறவி எதிர்ப்பின் கூர்மையும் ஒன்றல்ல. எத்தனை கிருமிகள் உள்ளே போயின, அவை எந்த வகை, எத்தனையாம் நாளில் சிகிச்சை தொடங்கியது ஆகியவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நோய் தொற்றிய பலருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடுகிறது. சிலருக்கு எதுவுமே தெரிவதில்லை.

இதில் மனித இயல்பும் கலந்திருக்கிறது. திடமான ஆள் மூன்று நாள் காய்ச்சலைப் பனடோல் போட்டுச் சமாளித்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார். அந்த மூன்று நாளில் கிருமி எவ்வளவு பெருகும் என்பதை முன்பே பார்த்தோம்.

கிளினிக்ல ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி நடுக்கம் இன்னும் அதிகமாச்சே! மருந்து ஒத்துக்கலையா?

மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகவும் இது இருக்கலாம். பெனிசிலின் போன்ற மருந்து கிருமிகளைக் கூட்டமாக உடைக்கும்போது, அதுவரை மறைந்திருந்த செல்சுவர்த் துண்டுகளும் கொழுப்புப் புரதங்களும் ஒரே வேளையில் இரத்தத்தில் கொட்டுகின்றன. ஏற்பிகள் அவற்றை அப்போதுதான் முழுமையாக உணர்கின்றன. அழற்சிப் பொருள்கள் திடீரென்று எகிறுகின்றன. முதல் மருந்துக்குப் பின் சில மணி நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் கூடி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்னும் இருவர் சிஃபிலிஸ் நோயாளிகளிடம் கண்டு எழுதியதால் அவர்கள் பெயராலேயே இந்த எதிர்வினை அழைக்கப்படுகிறது. சுருள்வடிவக் கிருமிகள் தரும் எல்லா நோய்களிலும் இது வரக்கூடும்.

அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. அதே நேரத்தில் மூச்சு வாங்குதல், தலைசுற்றி விழுதல், சளியில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், ‘ஊசியின் வேகம்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவுல இருக்கிற மக, உண்ணி கடிச்சு லைம் நோய்னு சொல்றா. அதுவும் இதுவும் ஒரே குடும்பம்னா, உடம்பு ஒரே மாதிரிதான் எதிர்க்குமா?

ஒற்றுமையும் உண்டு, வேறுபாடும் உண்டு. 1970களின் நடுவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் ஊரில் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீக்கம் வந்ததிலிருந்து அந்நோய் கவனத்திற்கு வந்தது. உண்ணிக்குள் கிருமியைக் கண்டவர் வில்லி பர்க்டோர்ஃபர். போரெலியா என்னும் அக்கிருமியும் கசையிழைகளை உள்ளேயே வைத்திருக்கிறது. அதுவும் ஃபேக்டர் எச் புரதத்தைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு காம்ப்ளிமென்ட்டிடமிருந்து தப்பிக்கிறது. ஆனால் அதனிடம் லிப்போபாலிசாக்கரைடே இல்லை. அதன் மேற்பரப்பெங்கும் நிறைந்திருக்கும் கொழுப்புப் புரதங்களை இரண்டாம் ஏற்பி, முதலாம் ஏற்பியோடு சேர்ந்து உணர்கிறது. கடித்த இடத்தில் வட்டமாக விரியும் சிவப்பு, கிருமி தோலுக்குள் வெளிநோக்கிப் பரவ, அதைத் தொடர்ந்து எழும் அழற்சியின் தடம்தான்.

இரண்டு வேறுபாடுகள் எனக்கு மிகச் சுவையானவையாகப் படுகின்றன. ஒன்று, போரெலியாவுக்கு உண்ணியே துணை நிற்கிறது: உண்ணியின் எச்சிலில் உள்ள புரதங்கள் கடித்த இடத்தில் காம்ப்ளிமென்ட்டையும் அழற்சியையும் அடக்கி வைக்கின்றன. லெப்டோஸ்பைராவுக்கு அப்படி ஒரு துணை இல்லை. கீறல் வழியே தனியாகத்தான் வர வேண்டும். மற்றொன்று இரும்பு. கிருமி பெருகாதிருக்க உடல் தன் இரும்பைப் பதுக்கி வைப்பது பிறவி எதிர்ப்பின் பழைய உத்தி. லெப்டோஸ்பைராவுக்கு இரும்பு தேவை. போரெலியா இரும்பே இல்லாமல் மாங்கனீசைக் கொண்டு வாழப் பழகிவிட்டதால், அந்த உத்தி அதனிடம் பலிப்பதில்லை.

அப்ப நம்ம வீட்டு நாய் உண்ணி கடிச்சா லைம் வருமா?

நம் நாய்களில் வழக்கமாகக் காணப்படும் பழுப்பு உண்ணியும் மாட்டு உண்ணியும் லைம் நோயைப் பரப்புபவை அல்ல. இக்சோடஸ் என்னும் வேறு வகை உண்ணிகளே பரப்புகின்றன. மலேசியாவில் எலி இனங்களின் மேல் வாழும் இக்சோடஸ் கிரானுலேட்டஸ் என்னும் உண்ணியில் போரெலியாவின் மரபுத்தடம் கிடைத்திருக்கிறது என்றாலும், அமெரிக்காவில் பரவுவதுபோல் இங்கே லைம் நோய் பரவுவதில்லை. புதரில் சிற்றுண்ணி கடித்துக் கருத்த பொருக்கோடு காய்ச்சல் வந்தால், லைமைவிட ஸ்கிரப் டைஃபஸைத்தான் முதலில் ஐயுற வேண்டும். செம்பனைத் தோட்டங்களுக்கு அது பழைய விருந்தாளி.

எதிர்ப்புச் சக்தியை ஏத்துறதுக்கு நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு, வைட்டமின் சி எல்லாம் குடிச்சா வராதுல்ல?

நல்ல உணவும் தூக்கமும் உடலுக்கு நல்லவைதாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நான்காம் ஏற்பி இக்கிருமியின் கொழுப்பை உணராதது சத்துக் குறைவினால் அல்ல. அதன் அமைப்பே அப்படி. எந்தச் சாறும் அந்த அமைப்பை மாற்றாது. கடும் நோயில் நாம் காண்பது எதிர்ப்பு குறைந்துபோன உடலை அல்ல, நேரந்தவறி மிகுதியாக எழுந்த எதிர்ப்பை. சாறு குடிக்கிறோம் என்னும் தைரியத்தில் மருத்துவரிடம் போகும் நாள் தள்ளிப்போவதுதான் உண்மையான தீங்கு.

ஒரு தடவ வந்துட்டா மறுபடி வராதுதானே? தடுப்பூசி இல்லையா?

பிறவி எதிர்ப்பு இக்கிருமியை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஈட்டிய எதிர்ப்பு நினைவில் வைக்கிறது; ஆனால் அது உருவாக்கும் எதிர்ப்பான்கள் பெரும்பாலும் கிருமியின் மேற்பரப்புச் சர்க்கரைகளைக் குறிவைப்பவை. அச்சர்க்கரைகளின் வேறுபாட்டால் நோய் தரும் லெப்டோஸ்பைராவில் 250க்கும் மேற்பட்ட உள்வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்குப் பயன்படாது போகலாம். மனிதருக்கான தடுப்பூசிகள் கியூபா, சீனா, பிரான்ஸ் முதலிய நாடுகளில் பயன்பட்டிருக்கின்றன. அவையும் குறிப்பிட்ட வகைகளுக்கே காப்பளிக்கும். மலேசியாவில் மனிதருக்குப் போடும் வழக்கம் இல்லை. நாய்க்குப் போடலாம், போடுவது நல்லது.

வெள்ளத்துல இறங்குறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுக்கிட்டா என்ன?

கேள்வி நியாயமானது. பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரர்களில் ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1984இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரைக் குழுவில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்துக் குழுவில் ஒருவருக்கே வந்தது. நம் நாட்டிலேயே, 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த இக்கோ சேலஞ்ச் என்னும் சாகசப் போட்டிக்குப் பின் தொடர்பு கொண்டு விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு இந்நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

மருந்து இங்கே செய்வது, பிறவி எதிர்ப்பு கவனிக்கத் தவறும் அந்த முதல் நாள்களில் கிருமியைப் பெருகவிடாமல் வைப்பது. ஆயினும் இது குறுகிய கால, உறுதியான ஆபத்துக்கு மட்டுமே உரியது. ஆண்டு முழுவதும் கானில் இறங்கும் தொழிலாளி வாரந்தோறும் ஆன்டிபயாட்டிக் விழுங்குவது ஏற்புடையதன்று. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டாக்சிசைக்ளினைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எப்படியும் மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து இது. பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் போடக் கூடாது.

உடம்போட சொந்த எதிர்வினைதான் ஆபத்துன்னா, அதை அடக்குற ஸ்டீராய்டு ஊசி போட்டாலே போதுமே?

கடைசியில் வருகிற கேள்வி இது. கேட்டவர் மேலே சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று பொருள். தர்க்கத்தில் பிழை இல்லை. நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்ட கடுமையான நோயாளிகளுக்குச் சில மருத்துவர்கள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆயினும் அது உயிரைக் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இதுவரை நிறுவப்படவில்லை. வேறு தொற்றுகளுக்கு வழிவிடும் அபாயமும் இருக்கிறது. எதிர்வினையை மட்டும் அடக்கிக் கிருமியை உயிரோடு விட்டால், அதை எழுப்பிய காரணம் அப்படியே இருக்கும். மேலும் அதே அழற்சிதான், குறைந்த அளவில், சரியான நேரத்தில், கிருமியைக் கொல்லும் அணுக்களை அந்த இடத்திற்கு அழைக்கிறது.

எனவே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நடப்பது வேறு: ஆன்டிபயாட்டிக்கால் கிருமியைக் குறைத்துக்கொண்டே, சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ், மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டர் என்று, எதிர்வினை தணியும் வரை உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பது. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் திரும்பவும் நன்றாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. மீண்டு வந்தவர் சில வாரம் கழித்துச் சிறுநீரகச் செயற்பாட்டை ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அரசாங்க கிளினிக்கிலேயே இரத்தம் எடுத்துக் கொடுக்கலாம்.